பழைய காசின் எக்ஸ்ரே ரிப்போர்ட் குழப்புகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

நகையின் தரத்தை, அதாவது டச், பார்க்கும் கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே மெஷினில் பழைய காசை வைத்துப் பார்க்கும் பழக்கம் இப்போது சேகரிப்பாளர்கள் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். காசைச் சுரண்ட வேண்டாம், திராவகம் விட வேண்டாம், ஒரு நிமிஷத்தில் ஸ்லிப் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஸ்லிப்பை மட்டும் நம்பி நல்ல காசைப் போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு, போலியை நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. மெஷின் அளந்தது காசின் மேல்தோலை மட்டும், நாம் அந்த எண்ணை முழுக் காசுக்கும் பொருத்திப் படிக்கிறோம். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மெஷின் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் கீழே உள்ள எதுவும் பிடிபடாது. குழாயிலிருந்து வரும் எக்ஸ்ரே, காசில் இருக்கும் அணுவின் உள்கூட்டிலிருந்து ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிடும். அந்தக் காலி இடத்துக்கு வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று இறங்கும்போது, அந்த உலோகத்துக்கே உரிய ஆற்றலோடு இன்னொரு எக்ஸ்ரே வெளியே வரும். செம்புக்கு 8.05, வெள்ளிக்கு 22.16, தங்கத்துக்கு 9.71, எல்லாம் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கணக்கு, இனிமேல் வெறும் எண்ணாகவே சொல்கிறேன். இப்படி வெளியே வரும் கதிர் ஆழத்திலிருந்து வர முடியாது, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். வெள்ளிக் காசுக்குள் இருக்கும் செம்பின் கதிர் ஏறக்குறைய மேல் 20 மைக்ரானுக்குள்ளிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. வெள்ளியின் 22.16 கதிர் இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து வரும், அதுவும் மைக்ரான் கணக்குதான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்கும் முன் மூன்று வேலை. ஒன்று, காசை 0.01 கிராம் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, மெஷினை எந்த மோடில் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் தங்க மோடில் வெள்ளிக் காசையோ செம்புக் காசையோ வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மூன்று, ஸ்லிப் மட்டும் போதாது, திரையில் வரும் ஸ்பெக்ட்ரம் படத்தையும் (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் கோட்டுப் படம், அதில் எழும் மேட்டைத்தான் கீழே முகடு என்கிறேன்) போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை, ஆனால் கீழே சொல்லும் பாதிச் சந்தேகங்கள் அந்தப் படம் இருந்தால்தான் தீரும்.

கையில் பிடித்துச் சுடும் மெஷின் என்றால் காசை விரலால் பிடித்துக் காட்டாதீர்கள், ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அது கதிர்வீச்சுக் கருவி, நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது.

"மொத்தம் சரியாக 100 வந்திருக்கிறது, அப்போது கணக்கு சரிதானே?"

இல்லை. பெரும்பாலான டச் மெஷின்களில் சாஃப்ட்வேர் தன் பட்டியலில் இருக்கும் உலோகங்களை மட்டும் எடுத்து, மொத்தம் 100 வரும்படி நிரவிவிடும். பட்டியலில் இல்லாத உலோகம் காசில் இருந்தால் அதன் பங்கு மற்றவற்றுக்குப் போய்விடும். அழுக்கு, ஆக்ஸிஜன், மண் எதுவும் கணக்கில் வராது. காய்ந்த களிம்பு மூடிய காசும் 100 காட்டும், கழுவிய காசும் 100 காட்டும். எனவே மொத்தத்தைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

"வெள்ளி இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டுகிறது"

இதுதான் அடிக்கடி வருவது. 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.67 சதவீதம். என்னிடம் இருக்கும் விக்டோரியா ரூபாய் ஒன்று 94 காட்டியது. காசில் குறை இல்லை, மெஷினிலும் குறை இல்லை. செம்பு கலந்த வெள்ளியை நாணயச்சாலையில் காய்ச்சும்போது மேற்பரப்பில் இருக்கும் செம்பு ஆக்ஸைடாகும், அதை அமிலத்தில் போட்டால் செம்பு கரைந்து போய் மேலே வெள்ளி மட்டும் தோல் மாதிரி நிற்கும். காசு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்கிற வேலை இது. அதற்கு அப்புறம் மண்ணில் கிடந்தாலும், வீட்டில் புளி போட்டுத் தேய்த்தாலும் இன்னும் கொஞ்சம் செம்பு போகும், வெள்ளி நிற்கும். ஆக, மேல்தோல் எப்போதுமே உள்ளே இருப்பதைவிடப் பணக்காரத் தோல்.

வெள்ளி குறைய குறைய இந்த வித்தியாசம் பெரிதாகும். மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய அன்டோனினியானஸ் காசுகளில் பிற்காலத்தவற்றில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஒன்றின் முகத்தைப் பார்த்தால் வெள்ளிக்காசு போலவே இருக்கும். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்கில் கொண்டுவந்த பெரிய செம்புக் காசுகளிலும் மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு உண்டு. அப்படி ஒன்றை மெஷினில் வைத்து வரும் சதவீதத்தைக் காசின் கலவை என்று எழுதிவிடக் கூடாது. ரோமானிய வெள்ளியை ஆராய்கிறவர்கள் விளிம்பில் மெல்லிய துளை போட்டு, முதலில் வரும் தோல் துகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே வருகிற துகளை மட்டும் சோதிப்பது இதற்காகத்தான்.

நாம் துளை போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் தேய்ந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ராணியின் கன்னம், காதுக்கு மேலே இருக்கும் முடி மாதிரி உயர்ந்த இடங்கள் பல கைகள் பட்டுத் தேய்ந்திருக்கும், அங்கே தோல் போயிருக்கும். எழுத்துக்கு நடுவில் இருக்கும் பள்ளமான தளம் அப்படியே இருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாக அளவு எடுங்கள். உயரத்தில் வெள்ளி சற்றுக் குறைந்து தளத்தில் கூடினால் அது இயற்கையான தோல். உயரத்தில் வெள்ளி ஒரேயடியாக விழுந்து துத்தநாகமும் செம்பும் எகிறினால் அது முலாம்.

"1940–45 ரூபாய், ஸ்லிப் சரியாக இருக்கிறது, ஆனால் கைக்கு ஏதோ சரியாகப் படவில்லை"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதே 11.66 கிராம்தான், ஆனால் கலவை 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். மெஷினில் வைத்தால் இந்த நாலும் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால்தான் சந்தேகம். வாரச்சந்தையில் ஒருவரிடம் அப்படி ஒரு காசு வாங்கினேன், ஸ்லிப்பில் வெள்ளி 50 பக்கம், செம்பு, நிக்கல், துத்தநாகம் எல்லாம் இருந்தன, சந்தோஷமாக ஆல்பத்தில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு காசை எடை பார்த்தபோது சும்மா இதையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது அது வெள்ளி முலாம் போட்ட ஜெர்மன் சில்வர் என்று. ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதன் மேல் சரியான தடிமனில் வெள்ளி ஏற்றிவிட்டால் மெஷின் இரண்டு அடுக்கையும் சேர்த்துப் படித்துவிட்டு, அசல் ரூபாயில் இருக்கும் அதே நாலு உலோகத்தையும் வரிசையாகக் காட்டும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழிக்கு ஸ்லிப்பே போதும். வெள்ளியை ஒதுக்கிவிட்டு மீதி மூன்றின் விகிதத்தை மட்டும் பாருங்கள். அசலில் செம்பு, நிக்கல், துத்தநாகம் 8க்கு 1க்கு 1. ஜெர்மன் சில்வரில் கலவைக்குக் கலவை மாறும் என்றாலும் நிக்கலும் துத்தநாகமும் செம்பில் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற கணக்கில் எகிறி நிற்கும். இந்த மூன்று உலோகத்தின் கதிர்களும் 7.48, 8.05, 8.64 என்று பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மேலே இருக்கும் வெள்ளி மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் மறைக்கும், அதனால் விகிதம் பெரிதாகக் கெடாது. அன்றைக்கு என் ஸ்லிப்பில் துத்தநாகம் செம்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது, நான் வெள்ளி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது வழி தண்ணீர். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற எடைதான் காசு ஒதுக்கிய தண்ணீர். காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைத்துவிடும். தேயாத 11.66 கிராம் காசுக்கு:

91.67 வெள்ளி என்றால் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3.
1940–45 கலவை என்றால் சுமார் 1.22, அடர்த்தி 9.5.
ஜெர்மன் சில்வர் என்றால் சுமார் 1.34, அடர்த்தி 8.7 பக்கம்.

காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் தப்பும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. தேய்ந்த காசின் எடை குறைந்திருந்தாலும் அடர்த்தி மாறாது என்பது இந்த முறையின் பெரிய பலம். அசல் காசே மெஷினில் வெள்ளி 50க்கு மேல் காட்டலாம், அதே தோல் கதைதான், அதற்காக அதை ஒதுக்க வேண்டாம், தண்ணீர் 9.5 சொன்னால் போதும். 1939 ரூபாய் என்று யாராவது கொண்டுவந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த வருஷக் காசு அரிது, விலை அதிகம், போலியும் அதிகம், அதில் நிக்கல் முகடு தெரிந்தாலே அங்கேயே நிறுத்திவிடலாம்.

"செம்புக் காசில் வெள்ளி ஒன்றிரண்டு சதவீதம் வருகிறது"

காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் இருக்கிறது. அதன் கதிர் 2.96. வெள்ளியின் கீழ்மட்டக் கதிர் 2.98. மெஷின் இரண்டையும் பிரிக்க முடியாமல் காற்றை வெள்ளி என்று படித்துவிடும், அதுவும் காசு மெஷினின் ஜன்னலோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி இருந்தால் இன்னும் அதிகம். ஸ்பெக்ட்ரம் படத்தில் 22.16 இடத்தில் முகடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெள்ளி உண்மை, இல்லையென்றால் காற்று. ஆனால் குழாய் 25.5 கிலோவோல்ட்டுக்குக் கீழே ஓடினால் வெள்ளி இருந்தாலும் அந்த முகடு வராது, ஆகவே 40 கிலோவோல்ட் அளவில் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

"வெள்ளிக் காசில் வெள்ளீயம், பல்லேடியம், ரோடியம் என்று ஏதேதோ வருகிறது"

வெள்ளிக்கு 22.16 தவிர 24.94 இடத்தில் இன்னொரு முகடு உண்டு, வெள்ளீயத்தின் பிரதான முகடு 25.27. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வெள்ளியின் இரண்டாவது முகட்டின் ஓரத்தை மெஷின் வெள்ளீயம் என்று எழுதும். வெள்ளீயத்துக்கு 28.49இல் இன்னொரு முகடு இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லையென்றால் ரிப்போர்ட்டில் இருப்பதை அடித்துவிடுங்கள். ரோடியம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிறைய மெஷின்களில் எக்ஸ்ரே குழாயின் இலக்கே ரோடியம்தான், அதன் 20.2 கதிர் காசில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. அதன் பக்கத்தில் 21.18இல் இருக்கும் பல்லேடியம் கொஞ்சமாக வந்தால் அதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

"இரும்பு, கால்சியம், டைட்டானியம்"

பெரும்பாலும் மண். ஆற்றில் எடுத்த காசுகளில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூஜையில் இருந்த காசில் விபூதி ஒட்டியிருந்தால் கால்சியம் வரும். செந்தூரம் பட்டிருந்தால் ஈயமோ பாதரசமோ வரலாம், செந்தூரத்தில் அவை இருப்பது உண்டு. வெள்ளை அட்டைக் கூட்டில் வைத்தே அளந்திருந்தால் அட்டையில் இருக்கும் கால்சியமும் டைட்டானியமும் வரும். பிளாஸ்டிக் உறையை எப்போதும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

இரும்பில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. சுத்தமான செம்புக் காசிலும் கொஞ்சம் இரும்பு காட்டும், மண் துளிகூட இருக்காது. மெஷினுக்குள் கதிரைப் பிடிக்கும் டிடெக்டர் சிலிக்கானால் ஆனது, செம்பின் 8.05 கதிர் உள்ளே நுழையும்போது சில நேரம் 1.74 அளவை சிலிக்கான் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும், மீதி 6.31. இரும்பின் இடம் 6.40. நல்ல சாஃப்ட்வேர் இதைக் கழித்துவிடும், எல்லா மெஷினிலும் அது இருக்காது. இதே போல இரண்டு செம்புக் கதிர்கள் ஒரே கணத்தில் சேர்ந்து உள்ளே வந்தால் 16.1இல் ஒரு போலி முகடு எழும், அதைப் பார்த்து சிர்கோனியம் என்றுகூட ஸ்லிப் வரலாம்.

"செம்புக் காசில் ஈயமா ஆர்சனிக்கா தெரியவில்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது"

ஈயத்தின் முகடு 10.55, ஆர்சனிக்கின் முகடு 10.54. இந்த வித்தியாசத்தை எந்த டச் மெஷினாலும் பிரிக்க முடியாது. ஈயத்துக்கு 12.61இல் இரண்டாவது முகடு, ஆர்சனிக்குக்கு 11.73இல். அதில் எது எழுந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நகைக்கடை மெஷினின் பட்டியலில் ஆர்சனிக்கே இல்லாமல் இருக்கலாம், அப்போது எல்லாம் ஈயமாகிவிடும்.

இடத்துக்கு இடம் மாறுவது வேறு விஷயம். ஈயம் செம்போடு கரையாது, குளிரும்போது தனித்தனிக் குண்டுகளாகப் பிரிந்து நிற்கும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பிற்கால ரோமானியச் சிறு செம்புக் காசுகள் மாதிரியானவற்றில் ஈயம் கலந்த வெண்கலம் சாதாரணம், ஒரு இடத்தில் அளந்தால் ஒரு எண், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அளந்தால் வேறு எண். களிம்பு ஏறிய காசில் செம்பு வெளியே போய் வெள்ளீயம் மேலே தங்கிவிடுவதும் உண்டு. ராஜராஜன் பெயர் போட்ட சோழச் செம்புக் காசுகளை அளக்கும்போதும் இதே சிக்கல்தான். ஐந்தாறு இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் சேர்த்தே எழுதி வையுங்கள், ஒரே ஒரு சராசரி எண்ணை எழுதிக்கொண்டு அதை வைத்து வாதம் செய்ய வேண்டாம்.

மெஷின் உண்மையிலேயே நன்றாக உதவுகிற ஒரு செம்புக் காசும் இருக்கிறது, 1906ஆம் வருஷத்துக் காலணா. ஏழாம் எட்வர்டின் காலணா முதலில் தனிச் செம்பு, 6.47 கிராம். 1906இல் வெண்கலத்துக்கு மாற்றினார்கள், 4.86 கிராம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இரண்டும் வந்தன. வெண்கலத்தில் 4 சதவீதம் வெள்ளீயம், 1 சதவீதம் துத்தநாகம். எடையும் வெள்ளீயமும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகமே இல்லை. எடை 4.86 இருந்து வெள்ளீயம் வரவில்லை என்றால் முதலில் மெஷினின் வோல்டேஜைப் பாருங்கள், வெள்ளீயத்தின் 25.27 முகட்டை எழுப்ப 29.2 கிலோவோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

"பழைய வெள்ளியில் தங்கம் கொஞ்சம் வருகிறது"

நல்லது. அந்தக் காலத்தில் ஈயத்தோடு உருக்கி வெள்ளியைச் சுத்தம் செய்தார்கள், அதில் தங்கம் பிரியாது, ஈயமும் பிஸ்மத்தும் துளியளவு தங்கிவிடும். எனவே பழைய வெள்ளிக் காசில் தங்கம் ஒரு சதவீதத்துக்குள், ஈயம் ஒரு துளி இருப்பதுதான் இயல்பு. ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் வெளியிட்ட டினாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருப்பதால் அவற்றின் போலிகளும் இங்கே சுற்றுகின்றன. அப்படி ஒன்றில் தங்கமும் ஈயமும் அடியோடு இல்லாமல் வெள்ளியும் செம்பும் மட்டும் சுத்தமாக வந்தால், மின்சாரத்தால் சுத்திகரித்த இன்றைய வெள்ளி என்று சந்தேகப்படலாம்.

ஆனால் பித்தளைக் காசில் தங்கம் வந்தால் நம்பாதீர்கள். துத்தநாகத்தின் இரண்டாவது முகடு 9.57, தங்கத்தின் 9.71க்கு மிகப் பக்கம். 11.44இல் தங்கத்தின் அடுத்த முகடு இருந்தால்தான் தங்கம். பித்தளை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ரோமானிய முறையில் செய்த பித்தளையில் துத்தநாகம் 28 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம், அதற்கு மேல் வந்தால் ரோமானியக் காசு சந்தேகத்துக்குரியது. இந்தியக் காசுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், ராஜஸ்தானின் ஜாவரில் துத்தநாகத்தையே தனியாக வாலை வடித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

"காதுவைத்த காசு, காசுமாலைக் காசு"

தங்கத்தோடு பாதரசம் 9.99இல் வந்தால் அது ரசக்கலவை பூசிச் சூட்டில் ரசத்தை ஓட்டிய பழைய முலாம். மின்முலாமில் பாதரசம் இருக்காது. காது பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அளந்தால் பற்றவைக்கும் பொடியில் இருக்கும் துத்தநாகமும் காட்மியமும் வரும், கேடிஎம் என்று நகைக்கடையில் சொல்வார்களே, அந்தக் காட்மியம்தான். எனவே காதுக்கு எதிர்ப்பக்கம், முடிந்தவரை தூரத்தில் அளவு எடுங்கள். அங்கேயும் காட்மியம் 23.17இல் தெளிவாக நின்றால், காட்மியமே 1817இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு முந்தைய காசு என்று சொல்லி விற்கிறவரிடம் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"சவரன் 22 கேரட் காட்டுகிறது, ஆனாலும் சந்தேகம்"

தங்கத்தில் மெஷின் பார்க்கிற ஆழம் வெள்ளியைவிடக் குறைவு, 20 மைக்ரான் அளவு தங்கம் மேலே இருந்தாலே கீழே இருப்பது ஒன்றும் தெரியாது. சவரன் 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், 91.67 சதவீதம் தங்கம், நாம் எட்டு கிராமை ஒரு பவுன் என்பதே இந்தக் காசிலிருந்து வந்த கணக்கு. தண்ணீர்ச் சோதனையில் அடர்த்தி 17.6 பக்கம் வர வேண்டும், அதாவது தராசு 0.45 கிராம் காட்ட வேண்டும். தங்கத்துக்கு இணையான எடை உள்ளது டங்ஸ்டன், சுத்தத் தங்கம் 19.3, டங்ஸ்டன் 19.25. அதனால் 22 கேரட் காசு 17.6க்கு மேலே போனாலும் சந்தேகம்தான், கீழே போனாலும் சந்தேகம்தான். எடை, விட்டம், தடிமன், அடர்த்தி நாலும் ஒத்துவந்த பிறகு மெஷின் எண்ணைப் பாருங்கள். பெரிய விலைக்குப் போகிற காசு என்றால் நாணயம் தெரிந்தவரிடம் அச்சு பார்க்கச் சொல்லுங்கள், 1918 பம்பாய்ச் சவரனில் நாணயச்சாலையின் அடையாளமான ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடம் மாதிரி விஷயங்களை மெஷின் பார்க்காது.

"வீரராயன் பணத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு எண்"

கேரளப் பக்கத்துப் பழைய சின்னத் தங்கக் காசு இது, அரை கிராம்கூட இல்லாத, ஏழெட்டு மில்லிமீட்டர் காசு. கையில் பிடிக்கும் மெஷினின் ஜன்னலே எட்டு மில்லிமீட்டர் இருக்கும், பாதிக் கதிர் காசைத் தாண்டித் தட்டில் படும், தட்டில் இருக்கும் உலோகமும் ஸ்லிப்பில் வரும். ஒரு மில்லிமீட்டர் புள்ளியில் அளக்கும் மேசை மெஷினுக்குப் போங்கள், காசை மெல்லிய பிளாஸ்டிக் தாள் மேல் வையுங்கள். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்துக்கும் இதேதான். இவ்வளவு சின்னக் காசுக்குத் தண்ணீர்ச் சோதனை வீட்டுத் தராசில் நடக்காது, ஒதுங்கும் தண்ணீரே 0.02 கிராம் அளவுதான் இருக்கும்.

"ஒரு விசித்திர உலோகம் வருகிறது, திருப்பி வைத்தால் காணோம்"

காசில் இருக்கும் உலோகப் பளிங்குகள் கதிரைக் கண்ணாடி மாதிரி ஒரு கோணத்தில் திருப்பி அனுப்பும், அது முகடாகத் தெரியும். காசை அதே இடத்தில் வைத்து 30, 40 டிகிரி சுற்றி மறுபடி எடுங்கள். உண்மையான உலோகம் அங்கேயே நிற்கும், மற்றது நகர்ந்துவிடும் அல்லது மறைந்துவிடும்.

"குளோரின் வருகிறது"

பிளாஸ்டிக் உறையோடு அளந்தீர்களா என்று முதலில் பாருங்கள், பிவிசி உறையில் குளோரின் உண்டு. ரோடியம் குழாயும் 2.70இல் ஒரு முகடு போடும், குளோரினின் இடம் 2.62, அந்தக் குழப்பமும் இருக்கலாம். காசே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தாளை வைத்தோ, குளோரின் இல்லை என்று தெரிந்த புதுச் செம்புத் தகட்டை வைத்தோ ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டும் இல்லை, அளந்த இடத்தில் வெளிர்பச்சை நிறத்தில் பொடி பொடியாக உதிர்கிறது, துடைத்தாலும் சில நாளில் திரும்ப வருகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டுக் காசைக் கவனியுங்கள். செம்போடு குளோரின் சேர்ந்த உப்பு உள்ளே இருக்கிறது, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு காசைத் தின்றுகொண்டே போகும். பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பழைய களிம்பு வேறு, அது காசைக் காப்பாற்றுவது, அதைத் தொடக் கூடாது. இந்தப் பொடியை மட்டும் புளி, எலுமிச்சை, பித்தளை தேய்க்கும் பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், அமிலம் பட்டால் இன்னும் வேகமாகும். மற்ற காசுகளிடமிருந்து பிரித்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இன்றைக்கே போட்டு வையுங்கள், ஜெல் ஈரம் இழுத்ததும் மாற்றுங்கள், அப்புறம் அருங்காட்சியகத்தில் உலோகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.